தாய்க்கு வைத்த மீன்

அன்றைக்கு ஹெலன் வீட்டுச் சமையற்கட்டில் இருந்தவர்கள்:

ஹெலன். நாய் வளர்த்துக் குட்டி கொடுக்கிறவள். அறுபது வயது இருக்கும். நம்ம ஊரிலும் ஹெலன்கள் உண்டு. இவள் வெள்ளைக்காரி.

ஹெலனின் புருஷன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரை தலையைத் தூக்கவில்லை.

மோலி. தாய் நாய்.

மோலியின் குட்டிகள். ஆறு.

என் மகள் ஜெனி.

என் தங்கை ராணி.

நான்.

என் வீட்டுக்காரர் இல்லை. அவர் கடலில் இருந்தார்.

1

பங்குத் திருவிழா மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஊரிலிருந்து போன் வந்தது. நான் எட்டாம் வகுப்பு. எழுதிப் பழக்கமில்லை. ராணியைக் கேளுங்கள், அவள் நர்ஸ், நன்றாக எழுதுவாள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எதற்கும் அவளைத்தான் கேட்பார்கள். இந்தத் தடவை என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

வெளிநாடு முழுவதும் எனக்குத் தெரியாது. நாய்க்குட்டி வாங்கின கதை தெரியும். அதை எழுதுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை ஹெலன் போன் செய்தாள். எங்கள் குட்டிக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. குட்டி கொடுத்த எல்லா வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு முறை போன் செய்து விசாரிப்பாளாம். அப்போது ஒரு கேள்வி கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

மலர் வெளியூருக்கும் போகும் என்பதால் இதைச் சொல்கிறேன். பாம்பனைத் தாண்டி ராமேஸ்வரம் போகிற ரோட்டில் முதலில் வருவது அக்காள்மடம். அடுத்தது தங்கச்சிமடம். அக்காள்மடம் சின்னது. ஒரு தும்மல் போடுவதற்குள் பஸ் தாண்டிவிடும். தங்கச்சிமடம் பெரிது. கடை கண்ணி எல்லாம் அங்கே. நாங்கள் அக்காள்மடத்துப் பிள்ளைகள். நானும் ராணியும் சேர்ந்து போனால் கரையில் வலை பிரிக்கிற ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"மூத்தது அக்காள்மடம், இளையது தங்கச்சிமடம்டா."

ராணியும் சேர்ந்து சிரிப்பாள். நான் சிரித்ததில்லை.

எனக்கும் அவளுக்கும் ஏழு வயது வித்தியாசம். நான் மண்டபத்தில் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போனேன். அவள் நர்ஸுக்குப் படித்தாள். அவளுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. இங்கே நெல்சன் என்று ஒரு துறைமுக ஊர். வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் ராத்திரி டூட்டி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். சொந்தமாக வீடு வாங்கினாள். பிறகு எங்களுக்குப் பேப்பர் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டாள். வந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்போது ஜெனிக்கு ஆறு வயது.

நான் இங்கேயும் மீன் பாக்டரியில்தான். மீனை முள் கழித்துச் சதை எடுக்கிற வேலை. வீட்டுக்காரர் ஆழ்கடல் கப்பலில் போகிறார். போனால் ஆறு வாரம் வர மாட்டார். வந்தால் கொஞ்ச நாள் வீட்டில் இருப்பார்.

அவள் கூப்பிட்டதால் வந்தோம். அதை யார் வீட்டுக்குப் போனாலும் சொல்கிறார்கள். "ராணியோட அக்காவா நீங்க?" ஆமாம். ராணியோட அக்கா.

3

ஜெனி மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ராணி ஒரு நாய் வாங்கினாள். பிஸ்கட் என்று பெயர். லாப்ரடார் நாய்க்கும் பூடில் என்கிற சுருட்டைமயிர் நாய்க்கும் பிறந்தது.

"கிராஸ்மா இது" என்றாள் ஜெனி.

எனக்குத் தெரிந்த கிராஸ் மூன்று. கோயிலில் இருப்பது ஒன்று. மண்டபம் ஸ்டேஷனில் ரயில் கிராஸிங்குக்கு நிற்பது ஒன்று. பாக்டரியில் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் கிராஸாக இருக்கிறாள் என்பார்கள், அது ஒன்று. நான் நாயின் நெற்றியைத் தடவிச் சிலுவை எங்கே என்று தேடினேன். தாயும் மகளும் சிரிப்பது மாதிரி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராணியும் என் மகளும்.

பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் ராணி வீடு. முதலில் ஜெனி அங்கே பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம் பிஸ்கட்டை நடக்கக் கூட்டிப்போய்விட்டு வந்தாள். அப்புறம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள். ராணிக்கு ராத்திரி டூட்டி இல்லாத நாளில் அங்கேயே படுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் பார்த்தேன், அவளுடைய பல் தேய்க்கிற பிரஷ் எங்கள் வீட்டில் இல்லை.

நான் கேட்கவில்லை. புது பிரஷ் வாங்கி வைத்தேன். அது ஈரம் படாமலே இருந்தது.

எனக்கு நாய் பிடிக்காது. ஏன் என்று பின்னால் வருகிறது. ஆனால் நம்ம வீட்டிலும் ஒரு நாய் இருந்தால் பிரஷ் திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

4

பாக்டரியில் பேக்கிங் பக்கம் ஒருவன் குட்டி விற்பதாகப் பேச்சு. அவனிடம் சொன்னேன். என்ன கிராஸ் வேண்டும், மூன்று தினுசு இருக்கிறது என்றான். பிஸ்கட் மாதிரி என்றேன். சனிக்கிழமை மார்க்கெட் கார் பார்க்கிங்கில் நில் என்றான்.

ஜெனியிடம் எதற்கென்று சொல்லாமல் கூட்டிப்போனேன். அவன் காரின் பின்கதவைத் திறந்தான். நாங்கள் மீன் அடுக்குகிற வெள்ளைப் பெட்டி. அதற்குள் மூன்று குட்டி. ஜெனி கத்தின கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். என் கழுத்தைக் கட்டி முத்தம் கொடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அதோடு விட்டிருந்தால் சரி. சந்தோஷத்தில் அவள் சித்திக்குப் போன் போட்டாள்.

ராணி பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். டூட்டி உடுப்பு மாற்றவில்லை. கண் சிவந்திருந்தது. குட்டியை வாங்கிப் பார்த்தாள். வாயைப் பிளந்து பார்த்தாள். கண்ணோரத்தில் பீளை வழிந்ததைத் துடைத்தாள்.

"அக்கா, இதோட தாய் எங்க?"

"பண்ணையில இருக்காம்."

"நீ பாத்தியா?"

"நா எதுக்குப் பாக்கணும்? குட்டியத்தான வாங்குறோம்."

"எத்தன வாரம்னு கேட்டியா?"

"ஏழு எட்டு இருக்கும்ங்கான்."

"அஞ்சுகூட இருக்காது. நிக்கவே தெரியல. பாலு குடிக்கிற புள்ளயப் புடுங்கிக் கொண்டாந்துருக்கான். இது வீட்டுல வச்சு வளக்குற ஆளு இல்லக்கா. கூண்டுல அடைச்சுப்போட்டு மாத்தி மாத்தி ஈய விடுற கூட்டம். அதான் தாயக் காட்ட மாட்டேங்கான்."

"ஒனக்கு எல்லாந் தெரியும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஏங்க்கா, நம்ம ஊர்ல தாய்க்கு மீன் வைக்காமக் குட்டியத் தூக்குவியா நீ?"

ராணி குட்டியைப் பெட்டியில் விட்டாள். அவன் ஏதோ திட்டிவிட்டுப் போனான். ஜெனி அழுதாள். அழுதுகொண்டே போய் ராணியின் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு ஆகவில்லை. படிப்பு அவளுடையது. இங்கிலீஷ் அவளுடையது. வீடு அவளுடையது. ஊராவது என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதையும் அவளே எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

5

எங்கள் கரையில் நாய்க்குட்டியை யாரும் விற்பதில்லை. குட்டி வேண்டும் என்றால் தாய்க்கு மீன் கொண்டுபோக வேண்டும். கையால் வைக்க வேண்டும். தாய் தின்றால் குட்டியைத் தூக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுநாள் வர வேண்டும். தின்கிற நேரத்தில் தாய் குட்டியைக் கவனிக்காது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்பார் அய்யா. இல்லை, பெத்தவளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அதற்குத்தான் என்பாள் அம்மா.

எனக்குப் பதினாலு வயது. ராணிக்கு ஏழு. கரையில் கவிழ்த்துப்போட்ட ஒரு வள்ளத்துக்கு அடியில் கறுப்பி என்கிற நாய் குட்டி போட்டிருந்தது. எனக்கு ஒரு குட்டி மேல் ஆசை. வலையில் கழித்த காரல் மீனைப் பொறுக்கி ஓலைப்பெட்டியில் கொண்டுபோனேன். கறுப்பி உறுமியது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மோந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் ராணி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"ஏய், நீ வராத. அது கடிச்சிரும்."

"சும்மா பாக்கத்தான் வாரேன்."

என் பெட்டியிலிருந்து ஒரு காரலை எடுத்தாள். நீட்டினாள். கறுப்பி எழுந்து வந்து தின்றது. அவள் கையை நக்கியது. ராணி உள்ளே குனிந்து நான் பார்த்துவைத்த குட்டியையே தூக்கினாள். குடு என்று நான் கையை நீட்டினேன். கறுப்பி பாய்ந்து என் மணிக்கட்டைக் கடித்தது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். ஊசி எனக்கு. குட்டி அவளுக்கு.

அது சாகிற வரை அவள் காலடியில்தான் படுத்தது. நான் சோறு வைத்தால் தின்னும். தின்றுவிட்டு அவளிடம் போய்விடும்.

6

பிஸ்கட்டைக் கொடுத்தவள்தான் ஹெலன். வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் விட மாட்டாள். வரிசையில் பேர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ராணி பேர் கொடுத்தாள். என் பேரைத்தான் கொடுத்ததாகச் சொன்னாள்.

ஏழு மாதம் கழித்து ஹெலன் கூப்பிட்டாள். ஜெனி போனைச் சத்தமாக வைத்தாள். எனக்குப் புரியாததை அவள் தமிழில் சொன்னாள்.

எங்களை அத்தனை கேள்வி கேட்டாள். எங்களுக்கு விசா கொடுத்த ஆபீஸில்கூட இவ்வளவு கேட்கவில்லை. நம்ம ஊரில் பெண் கொடுக்கிறவர்கள் இதில் பாதி கேட்டால் போதும். வீடு சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் வீட்டு ஓனர் சம்மதம் எழுத்தில் வேண்டும். வேலி எவ்வளவு உயரம்? முன்னால் நாய் வளர்த்திருக்கிறீர்களா? அந்த நாய் எப்படிச் செத்தது? எங்காவது போனால் யாரிடம் விடுவீர்கள்?

"வீட்டில் எத்தனை பேர்?"

"மூணு" என்றேன்.

"நாலு" என்றாள் ஜெனி.

ஹெலன் சிரித்தாள். எங்கள் வீட்டிலும் நாலு, ஆனால் அதில் இரண்டு நாய் என்றாள்.

"யாருடி நாலாவது?" என்று ஜெனியிடம் மெல்லக் கேட்டேன்.

"சித்திதான். வேற யாரு?" என்றாள். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அப்புறம் ஹெலன் கேட்டாள், பகலில் குட்டியோடு யார் இருப்பார்கள்?

எனக்கு அப்போது காலை ஷிப்ட். ஜெனிக்குப் பள்ளிக்கூடம். வீட்டுக்காரருக்குக் கடல். சித்தி இருப்பாள் என்று ஜெனி சொன்னாள். அப்படியென்றால் குட்டி உன் சித்தி வீட்டுக்குப் போவதுதான் நல்லது என்றாள் ஹெலன். குட்டியை நாள் முழுக்கத் தனியாகப் போடுகிற வீட்டுக்குத் தர மாட்டாளாம்.

அன்று சாயங்காலம் ராணி வந்தாள்.

"எங்கிட்டயே இருக்கட்டுமேக்கா. பிஸ்கட்டுக்கும் தொணையாச்சு. ஜெனியும் அங்கனதான இருக்கா."

"அதான் வேணாங்குறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சரிக்கா" என்றாள். டீ குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சாயங்கால ஷிப்டுக்கு மாற்றக் கேட்டேன். யாரும் கேட்டு வாங்காத ஷிப்ட். உடனே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஹெலன் வீட்டைப் பார்க்க வந்தாள். வேலிப் பலகையை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கம் சந்து இருந்தது. அதில் என் வீட்டுக்காரர் கப்பலில் கழித்துப்போட்ட பழைய வலையைக் கொண்டுவந்து இழுத்துக் கட்டியிருந்தார். நம்ம ஊர் முடிச்சு. யானை இழுத்தாலும் வராது.

ஹெலன் இழுத்துப் பார்த்தாள். நல்ல முடிச்சு, ஆனால் குட்டி கடித்து வலைக்குள் தலையை மாட்டிக்கொள்ளும், கீழே பலகை அடி என்றாள்.

அவர் பலகை அடித்தார். "மாமியா வீடு பாக்க வந்தவ மாதிரி நிக்கா" என்று தமிழில் சொன்னார். ஹெலன் நன்றி என்றாள்.

7

குட்டிக்கு ஆறு வாரம் ஆனபோது வந்து பார்க்கச் சொன்னாள். அன்றைக்கு இருந்தவர்களைத்தான் மேலே சொன்னேன். சித்தி வந்தால்தான் வருவேன் என்றாள் ஜெனி. அதனால் ராணி.

நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். வழக்கம்தானே. ராணி ஷூவோடு உள்ளே போய்விட்டாள். இங்கே அதுதான் பழக்கம். ஹெலன் அவளை நிறுத்தினாள். ஊசி போடாத குட்டிகள் இருக்கிற வீடு, வெளியே மிதித்த நோய் ஷூவோடு வரும், கழற்று என்றாள். என்னைக் காட்டி, இவள் சொல்லாமலே கழற்றினாள் என்றாள்.

ராணி திரும்பிப் போய்க் கழற்றினாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இதை எழுத வெட்கமாக இல்லை.

ஹெலன் மோலியைத் தடவிக்கொண்டே, இது என் பிட்ச் என்றாள். பாக்டரியில் இரண்டு பெண்கள் அந்த ஒரு வார்த்தைக்காகத் தலைமயிரைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பெற்றவளை இப்படியா சொல்வது என்று என் முகம் மாறிவிட்டது. "மேடம், குட் மதர், நோ பேட் வேர்ட்" என்றேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. புருஷன் சிரித்திருக்கிறார். பெண் நாய்க்கே இங்கிலீஷில் அதுதான் பேர் என்று ஜெனி என் காதில் சொன்னாள்.

குட்டிகள் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தன. வீட்டுச் சத்தம், பாத்திரச் சத்தம், ஆள் நடமாட்டம் எல்லாம் பழக வேண்டும், அதனால் கொட்டிலில் விடுவதில்லை என்றாள் ஹெலன். மோலிக்கும் தகப்பன் நாய்க்கும் இடுப்பு எலும்பைப் படம் எடுத்து, கண்ணைச் சோதித்து டாக்டர் கொடுத்த பேப்பரைக் காட்டினாள். கிராஸ் என்றால் மயிர் கொட்டாது என்று சிலர் சொல்லி விற்பார்கள், நான் சொல்ல மாட்டேன், தாய் மாதிரியும் வரலாம், தகப்பன் மாதிரியும் வரலாம் என்றாள். எட்டு வாரம் முடியாமல் தாயிடமிருந்து பிரிக்க மாட்டேன் என்றாள்.

நான் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். வேகவைத்த மீன்.

ஹெலன் சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள். என்னைக் கேட்காமல் யாரும் என் நாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்றாள். முகம் இறுகிவிட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"வெங்காயம் போட்டியாக்கா?" என்றாள் ராணி. "நாய்க்கு ஆகாது."

"ஒண்ணும் போடல. உப்புக்கூடப் போடல."

ராணி இங்கிலீஷில் ஏதோ தொடங்கினாள். எப்போதும் அப்படித்தான். பாங்கில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் எனக்காக அவள் பேசுவாள். அன்றைக்கு ஜெனி குறுக்கே வந்தாள்.

"சித்தி, நான் சொல்றேன்."

அவள் சொன்னாள். நான் என்றைக்கோ அவளுக்குச் சோறு ஊட்டும்போது சொன்னது. கறுப்பி, ஓலைப்பெட்டி, காரல் எல்லாம் வந்தது. கடைசியில் அவள் சொன்னது எனக்கே புரிந்தது. எங்கள் ஊரில் தாய் சரி என்று சொல்ல வேண்டும் என்றாள். எங்கள் ஊர் என்றாள்.

ஹெலன் டப்பாவை வாங்கினாள். மீனை விரலால் உதிர்த்து முள் பார்த்தாள். என்னைவிட மெதுவாகப் பார்த்தாள். முள் இல்லை. அது என் தொழில். மோலியின் தட்டில் போட்டு என்னிடம் கொடுத்தாள். நீயே வை என்றாள்.

நான் குத்தவைத்து உட்கார்ந்தேன். தட்டை நீட்டினேன். மோலி எழுந்தது. என்னைத் தாண்டி நேராக ராணியிடம் போனது. அவள் முழங்காலை மோந்தது. அவளைப் பார்த்து வாலாட்டியது.

இந்த வயதிலும் எனக்கு மணிக்கட்டு வலித்தது.

ராணி நாயைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "போன் வருதுக்கா" என்றாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு எந்தப் போன் சத்தமும் கேட்கவில்லை.

மோலி கதவையே பார்த்தது. பிறகு திரும்பி வந்தது. என் கையை மோந்தது. தின்றது. தட்டை நக்கியது.

ஜெனி ஒரு குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். காரல் மீன் மாதிரி வெள்ளி நிறம், ஒல்லி உடம்பு. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ராணி ஷூ இல்லாமல் குளிரில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் வெளியே போனதால்தான் நாய் தின்றதா, இல்லையென்றாலும் தின்றிருக்குமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதபடி செய்துவிட்டாள்.

ஹெலன் கடைசியாக ஒன்று சொன்னாள். எப்போதாவது இவளை வைத்துக்கொள்ள முடியாமல் போனால், வேறு யாரிடமும் கொடுக்காதே, எந்த வயதானாலும் என்னிடமே கொண்டுவா என்றாள். என் கல்யாணத்தன்று என்னைப் பற்றி யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அது தூக்கக் கலக்கத்தில் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

8

இங்கே நாய்க்கும் ஆபீஸ் உண்டு. நகராட்சியில் பதிய வேண்டும். அடையாளத்துக்குக் கழுத்தில் ஊசியால் ஒரு சில்லு வைக்கிறார்கள். சொந்தக்காரர் பேர் கேட்டார்கள். ஜெனி என்னைப் பார்த்தாள். ராணி எங்களோடு வரவில்லை. என் பேரைச் சொன்னேன்.

குடும்பப் பேர்? நமக்கு ஏது? அய்யா பேரைச் சொன்னேன். அருளப்பன். நாய்க்கு நான் வைத்த பேர் காரல். ஆபீஸ்காரி, கேரல், அழகான பேர், என் பெரியம்மா பேர் என்றாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

முதல் தடவை நாய் டாக்டரிடம் போனபோது ஒரு பெண் வெளியே வந்து சத்தமாகக் கூப்பிட்டாள்.

"கேரல் அருளப்பன்!"

அய்யா வலையில் வாய் வைக்கிற நாயைத் துடுப்பால் விரட்டுவார். அவர் பேர் வெள்ளைக்கார தேசத்தில் ஒரு நாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நானும் ஜெனியும் எழுந்து போவதற்குள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அன்றைக்கு ராணி பக்கத்தில் இல்லை. அவளுக்கும் அது அய்யா பேர்தான். அவளிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். இரண்டு நாள் அந்தச் சிரிப்பை நாங்கள் இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொண்டோம்.

9

பிரஷ் திரும்பி வந்துவிட்டது. நான் போட்ட கணக்கு சரி.

ஆனால் சாயங்கால ஷிப்ட். ஜெனி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். பகல் பூராவும் நாய் என்னோடு. நாய்க்கு என் தமிழ் எல்லாம் தெரியும். இந்த வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுப் போக இங்கே சட்டத்தில் இடமில்லை. அதனால் நான் போனதும் ராணி பிஸ்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நானாகக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன்.

"சும்மா இருக்கத்தான் வாரேன்" என்றாள் முதல் நாள்.

நான் வேலை முடிந்து வரும்போது அவள் டூட்டிக்குக் கிளம்புவாள். வாசலில் கிராஸிங். ஒரு ரயில் நின்று ஒரு ரயில் போவது மாதிரி. "சாப்பாடு அடுப்புல இருக்குக்கா" என்பாள். "சரி" என்பேன். அவள் காரைக் கிளப்புகிற வரை காரல் ஜன்னலில் நின்று பார்க்கும். நான் சோறு வைத்தால் தின்னும். தின்றுவிட்டு ஜன்னலுக்குப் போகும்.

இருக்கட்டும்.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து மீன் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் கரையில் இருந்தார். ஜெனி தரையில் காரலுக்கு மயிர் சீவிக்கொண்டிருந்தாள். கொட்டத்தான் செய்கிறது. ராணி ராத்திரி டூட்டி முடித்து வந்து நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏழு வயதிலும் அப்படித்தான் தூங்குவாள். காரல் எழுந்து போய் அவள் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் போன். நான்தான் எடுத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. நானே இங்கிலீஷில் பேசினேன். குட்டி எப்படி? நல்லா இருக்கு. ஊசி போட்டாச்சா? போட்டாச்சு. எடை? சொன்னேன். பகலில் யார் இருக்கிறார்கள்? நான்.

இப்போது உன் வீட்டில் நாயையும் சேர்த்து எத்தனை பேர் என்றாள்.

ஜெனி சீவுவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள். வீட்டுக்காரரும் பார்த்தார். அவர் நாலு விரலைக் காட்டினார். அவர், நான், ஜெனி, நாய். நான் நாற்காலியைப் பார்த்தேன். அவள் தூங்குகிறாள். எது சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. பிஸ்கட் அவள் நாய், அதைச் சேர்க்கவில்லை.

ஐந்து.